'திஸ்', 'தட்', 'ஹியர்', 'தெயர்': ஆங்கிலச் சுட்டுச்சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று கண்டறியும் முறை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம் இது: கையில் இருக்கும் பேனாவுக்குத் 'திஸ்', சன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்துக்குத் 'தட்', நாம் இருக்கும் இடம் 'ஹியர்', எதிர்ப்பக்கம் 'தெயர்'. அந்தப் பாடத்தில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அதோடு நின்றுவிடுபவர், பத்து ஆண்டுகள் ஆங்கிலம் படித்த பிறகும், ஒரு கட்டுரையின் நடுவே வரும் 'திஸ்' எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் நிற்பார். தாம் எழுதும் ஆங்கிலத்தில் தேவையில்லாத இடங்களில் எல்லாம் 'தட்' போடுவார். மொழிபெயர்ப்பாளராகவும் ஆசிரியராகவும் இந்தச் சிறிய சொற்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: இச்சொற்கள் சொல்லும் அருகும் தொலைவும் அடிக்கோலால் அளப்பவை அல்ல, பேசுபவர் ஒரு பொருளைத் தம் பக்கம் வைத்துக்கொள்கிறாரா, விலக்கி வைக்கிறாரா என்பதைச் சொல்பவை. ஒரு சுட்டுச்சொல்லைப் பார்த்ததும் எந்த வரிசையில் எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: அந்தச் சொல் உண்மையில் சுட்டுகிறதா?

கண்ணில் படும் எல்லாத் 'தட்'டும் சுட்டு அன்று. 'அவர் வருவார் என்று நினைக்கிறேன்' என்பதில் நாம் 'என்று' போடும் இடத்தில் ஆங்கிலம் 'தட்' போடுகிறது. 'நான் வாங்கிய புத்தகம்' என்பதில் பெயரெச்சம் செய்யும் வேலையையும் அதே 'தட்' செய்கிறது. இவை இரண்டும் எதையும் காட்டுவதில்லை. காதால் இவற்றைப் பிரித்தறியலாம். சுட்டாக வரும் 'தட்' அழுத்தத்தோடு முழு உயிரொலியுடன் ஒலிக்கும். இணைப்பாக வரும் 'தட்' உயிர் தேய்ந்து, 'தெட்' என்றும் சொல்ல முடியாத ஒரு மங்கலான ஒலியாகக் கரைந்துவிடும்.

'தெயர்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. 'தெயர் இஸ் எ ஸ்நேக் இன் தி கிச்சன்' என்றால் சமையலறையில் ஒரு பாம்பு இருக்கிறது என்று பொருள். 'அங்கே' என்ற பொருள் அதில் இல்லை. அதனால்தான் அதே வாக்கியத்தின் இறுதியில் இன்னொரு 'தெயர்' சேர்த்து, கையை நீட்டிக் காட்டவும் முடிகிறது. முதல் 'தெயர்' வெறும் இருக்கை நிரப்பி, இரண்டாவதே இடம் காட்டுவது. முதலாவதற்கும் 'அங்கே' போட்டு மொழிபெயர்க்கும் வழக்கத்தைத் திரைப்பட வசன மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி பார்க்கிறேன். அங்கே 'அங்கே' வந்தால் வாக்கியமே வேறொரு இடத்துக்குப் போய்விடும்.

இரண்டாம் படி: யார் நிற்கும் இடத்திலிருந்து அளப்பது?

சுட்டுகிறது என்று உறுதியானதும் கேட்க வேண்டியது, அளவு எங்கே தொடங்குகிறது என்பது. ஜெர்மன் உளவியலாளர் கார்ல் பூலர் 1934-இல், 'இங்கே, இப்போது, நான்' என்ற மூன்றும் சந்திக்கும் தொடக்கப் புள்ளியை 'ஒரிகோ' என்று அழைத்தார். சுட்டுச்சொல் எதுவானாலும் அந்தப் புள்ளியிலிருந்துதான் பொருள் பெறுகிறது. பேசுபவர் மாறினால் புள்ளி மாறும். ஒரே சொல் வேறு இடத்தைக் காட்டும்.

1970 ஏப்ரல் 13 இரவு, ஹூஸ்டன் நேரப்படி, அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது நடந்த உரையாடலை இதற்குச் சான்றாகக் காட்டுவேன். விண்கலத்தில் இருந்த ஜாக் ஸ்விகர்ட், 'ஹூஸ்டன், எங்களுக்கு ஒரு சிக்கல் ஏற்பட்டது' என்ற பொருளில் பேசிய வாக்கியத்தை 'ஹியர்' என்ற சொல்லோடு முடித்தார். ஹூஸ்டனில் இருந்த தரைநிலையத்திலிருந்து ஜாக் லௌஸ்மா சொன்ன மறுமொழி 'திஸ் இஸ் ஹூஸ்டன்' என்று தொடங்கியது. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டார். இரண்டும் அண்மைச் சொற்களே. இருவருக்கும் இடையே மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி. ஆனால் ஸ்விகர்ட்டின் 'ஹியர்' விண்கலத்துக்குள் இருக்கிறது. லௌஸ்மாவின் 'திஸ்' ஹூஸ்டனில் இருக்கிறது. கேட்பவர் எவரும் தடுமாறவில்லை, ஏனென்றால் குரல் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே அளக்க வேண்டும் என்பது ஆங்கிலம் பேசுவோருக்கு இயல்பாகத் தெரியும்.

'திஸ் இஸ் ஹூஸ்டன்' என்பதைத் தமிழில் 'இது ஹூஸ்டன்' என்று எழுதினால் யாரோ வரைபடத்தைக் காட்டுவது போல ஆகிவிடும். தொலைபேசியில் நாம் 'ஹூஸ்டனிலிருந்து பேசுகிறேன்' என்றுதான் சொல்வோம். தொலைபேசியில் மறுமுனையில் இருப்பவர் யார் என்று கேட்க அமெரிக்கர் 'ஹூ இஸ் திஸ்' என்பதும் பிரித்தானியர் பெரும்பாலும் 'ஹூ இஸ் தட்' என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை. காதருகே ஒலிக்கும் குரலை அமெரிக்கர் அருகில் கணக்கு வைக்கிறார். அந்தக் குரலுக்கு உரியவர் இருக்கும் தொலைவைப் பிரித்தானியர் கணக்கு வைக்கிறார். தூரம் ஒன்றே, சொல்தான் இரண்டு.

எழுத்தில் இந்தப் புள்ளி பேசுபவரிடமிருந்து பிரிந்து பொருளோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். 1969-இல் நிலாவில் விட்டுவரப்பட்ட உலோகப் பட்டயம் 'ஹியர்' என்ற சொல்லோடு தொடங்குகிறது: பூமி என்ற கோளிலிருந்து வந்த மனிதர்கள் நிலாவில் முதன்முதலாகக் காலடி வைத்தது இங்கே என்கிறது. அந்த வாசகத்தை எழுதியவர்கள் பூமியில் இருந்தார்கள், படிக்கும் நாமும் பூமியில்தான் இருக்கிறோம். ஆனாலும் அந்த 'இங்கே' நம்மிடம் வருவதில்லை. பட்டயம் இறங்கிய, நிலாவின் 'அமைதிக்கடல்' என்னும் சமவெளியிலேயே நின்றுவிட்டது.

மூன்றாம் படி: எவ்வளவு தொலைவு?

மையம் தெரிந்த பிறகே தொலைவைக் கேட்க வேண்டும். மொழியியலாளர் ஹோல்கர் டீசல் 234 மொழிகளின் சுட்டுகளை ஒப்பிட்டபோது, 127 மொழிகளில் அருகு, தொலைவு என்ற இருநிலைப் பகுப்பும் 88 மொழிகளில் முந்நிலைப் பகுப்பும் இருந்தன. ஆங்கிலம் இருநிலைக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் அதற்கு மூன்றாம் நிலையும் இருந்தது: 'யான்', 'யாண்டர்' என்ற சொற்கள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ளதைக் காட்டின. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பேச்சுவழக்கில் அவை இன்னும் வாழ்கின்றன. பொது ஆங்கிலத்தில் பழஞ்சொல் ஆகிவிட்டன.

தமிழரான நமக்கு இது புரிவதில் இடர்ப்பாடு இருக்கக்கூடாது. தொல்காப்பியம் அ, இ, உ என்ற மூன்றையும் சுட்டு என்கிறது. தமிழ்நாட்டில் உகரச்சுட்டு பேச்சிலிருந்து போய்விட்டது; யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்', 'உங்கை' என்று இன்றும் அன்றாடம் புழங்குகிறது, பெரும்பாலும் கேட்பவர் பக்கம் இருப்பதைக் காட்ட. 'உதென்ன கையில?' என்று யாழ்ப்பாணத்துத் தாய் பிள்ளையிடம் கேட்பதை ஆங்கிலத்தில் சொல்ல 'தட்' ஒன்றுதான் உண்டு. ஆகவே கேட்பவர் கையில் இருப்பது, இருவருக்கும் எட்டாத் தொலைவில் இருப்பது என்ற இரண்டு இடங்களையும் ஆங்கிலத்தின் 'தட்' தாங்குகிறது. படிப்பவர் இவற்றுள் எது என்பதைச் சூழலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லைக்கோடு எங்கே விழுகிறது? கென்னி காவென்ட்ரியும் உடன் ஆய்ந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மேசைமேல் வைத்த பொருள்களை ஆங்கிலமும் ஸ்பானியமும் பேசுவோர் எந்தச் சுட்டால் குறிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கை எட்டும் எல்லைக்குள் இருந்தால் அண்மைச்சுட்டு மிகுதியாக வந்தது. கையில் ஒரு கோலைக் கொடுத்துக் காட்டச் சொன்னபோது அண்மைச்சுட்டின் எல்லையும் நீண்டது. அருகு என்பது கைக்குள் அடங்குவது என்ற உணர்வை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

காலத்திலும் இதே தர்க்கம் ஓடுகிறது. நடந்துகொண்டிருப்பது பேசுபவர் கைக்குள் இருக்கிறது, முடிந்தது கையை விட்டுப் போய்விட்டது. படம் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் அது நல்ல படம் என்று சொல்ல ஆங்கிலத்தார் 'திஸ்' போடுவார்; விளக்கு எரிந்து எழுந்த கணத்தில் அதே படம் 'தட்' ஆகிவிடும். நாமோ அரங்கை விட்டு வெளியே வரும்போது 'படம் நன்றாக இருந்தது' என்று சுட்டே இல்லாமல் சொல்லிவிடுவோம். நிலாவில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங், தம் காலடியிலேயே கிடந்த சுவட்டுக்குக் காரணமான அந்த எட்டைத் 'தட்' என்றே சொன்னதும் இதனால்தான் என்று கொள்கிறேன்: எட்டு வைத்தாயிற்று, நிகழ்வு முடிந்தது.

நான்காம் படி: சுட்டப்படுவது உலகிலா, உரையிலா?

பேச்சில் விரல் உலகத்தைக் காட்டும். எழுத்தில் பெரும்பாலும் உரையைக் காட்டும். இங்கேதான் உண்மையான கடினம் தொடங்குகிறது. உரைக்குள் சுட்டும்போது முன்னே வந்ததையும் காட்டலாம், இனி வரப்போவதையும் காட்டலாம். இனி வருவதைக் காட்டும் வேலை ஆங்கிலத்தில் ஏறத்தாழ முழுவதும் 'திஸ்', 'ஹியர்' ஆகியவற்றுக்கே உரியது. 'லிசன் டு திஸ்' என்பவர் இன்னும் வாய் திறக்காத செய்தியைக் காட்டுகிறார். பிபிசி வானொலி செய்தியைத் தொடங்கிய 'ஹியர் இஸ் தி நியூஸ்' என்பதும் அவ்வாறே. கையில் உள்ளதைப் பேசுபவர் இப்போதுதான் நீட்டுகிறார். ஒரு பொருளைக் கொடுக்கும்போது சொல்லும் 'ஹியர் யூ ஆர்' நம் 'இந்தாங்க' என்பதற்கு நேர். நாமும் அந்த இடத்தில் இகரத்தைத்தான் வைக்கிறோம் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் முகம் மலரும்.

முன்னே வந்ததைச் சுட்ட இரண்டும் பயன்படும். ஆனால் ஒன்றுக்கொன்று மாற்றாக அல்ல. நானே சொன்னதைத் தொடர்ந்து விரித்துப் பேசப்போகிறேன் என்றால் 'திஸ்'. பிறர் சொன்னதை ஏற்கவோ மறுக்கவோ செய்தால் 'தட்'. எதிரில் இருப்பவர் ஒரு யோசனை சொன்னால் 'தட் இஸ் எ குட் ஐடியா' என்பதே மறுமொழி. தமிழில் இதன் இணை நம் நாவிலேயே இருக்கிறது: பிறர் சொல்வதைக் கேட்டு 'அது சரி' என்கிறோமே தவிர 'இது சரி' என்பதில்லை. சொன்னவரின் கருத்து சொன்னவரிடத்தில் இருக்கிறது. நாம் அதை இங்கிருந்து பார்க்கிறோம்.

அடுத்து, சுட்டப்படுவது ஒரு பெயரா, முழு வாக்கியமா என்று கேட்க வேண்டும். 'நகராட்சி குளத்தைத் தூர்த்துக் கடைகள் கட்டியது' என்ற பொருளுள்ள வாக்கியத்தை அடுத்து 'இட்' வந்தால் அது நகராட்சியையோ குளத்தையோ தேடிப்போகும். 'திஸ்' வந்தால் குளத்தைத் தூர்த்துக் கட்டிய செயல் முழுவதையும் அள்ளும். இந்த வேறுபாட்டை அறியாதவர் 'இட்' என்றும் 'திஸ்' என்றும் மனம்போல மாற்றி எழுதி வாசகரைக் குழப்புகிறார். ஒரு பத்திக்கு முன்னே நான்கு செய்திகள் இருக்கும்போது வெறும் 'திஸ்' எழுதுவதும் தவறுக்கு வழி. 'இந்த முடிவு', 'இந்தக் குற்றச்சாட்டு', 'இந்தத் தாமதம்' என்று பொருந்தும் பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் பெயரே ஒரு தீர்ப்பும் ஆகும் என்பதை மறக்கக்கூடாது: ஒரே நிகழ்வை 'இந்த நடவடிக்கை' என்று சுட்டுவதும் 'இந்த அத்துமீறல்' என்று சுட்டுவதும் ஒன்றல்ல.

சொத்து ஆவணங்களைப் பார்ப்பவருக்கு மட்டும் ஒரு குறிப்பு. 'ஹியர்இன்', 'ஹியர்பை' என்று 'ஹியர்' கொண்டு தொடங்குபவை எல்லாம் அந்த ஆவணத்தையே சுட்டும். 'தெயர்ஆஃப்', 'தெயர்இன்' என்பவை சற்று முன் பெயர் சொல்லப்பட்ட பொருளைச் சுட்டும். நம் பத்திர எழுத்தர்கள் முன்னதற்கு 'இதன்மூலம்' என்றும் பின்னதற்கு 'மேற்படி' என்றும் எழுதுவார்கள். பொருத்தமான சொற்களே.

ஐந்தாம் படி: 'அந்த' என்ற கண்ணியைத் தாண்டுதல்

தமிழரின் ஆங்கிலத்தில் 'தட்' மிகுவதற்குக் காரணம் நம் மொழியில் இருக்கிறது. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு இரண்டு மனைவிகள்.' இதில் 'அந்த' எதையும் தொலைவில் வைக்கவில்லை. முன்னே சொன்ன ராஜாதான் என்று மட்டும் சொல்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேலை 'தி' என்ற சொல்லுக்கு உரியது. அங்கே 'தட் கிங்' என்று எழுதினால், வேறொரு ராஜாவும் இருக்கிறாரோ, அவரிடமிருந்து இவரைப் பிரித்துக் காட்டுகிறாரோ என்று வாசகர் தேடுவார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'தட்'டையும் எடுத்து, அதற்கு எதிராக ஒரு 'திஸ்' இருக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் பெரும்பாலும் 'தி' போதும். மறுதிசையில், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவர் ஒவ்வொரு 'தி'க்கும் 'அந்த' போட்டுத் தமிழைச் சுமையேற்றுவதும் நிற்க வேண்டும்.

இதில் நம் மனம் வழிதவறியதாக எண்ணவும் வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்தில் 'தட்' என்பது ஒரு சுட்டின் மூன்று பால் வடிவங்களுள் ஒன்று. அதே சுட்டின் குடும்பத்திலிருந்து சுட்டும் வலிமை தேய்ந்து உருவானதே 'தி'. அவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்த பாதையில்தான் நம் 'அந்த' இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

ஆட்களைச் சுட்டும்போது வேறொரு கவனம் தேவை. 'இவர் என் மாமா' என்று அறிமுகம் செய்ய 'திஸ் இஸ் மை அங்கிள்' என்பது சரி. ஆனால் அடுத்த வாக்கியத்தில் 'இவர் ஈரோட்டில் இருக்கிறார்' என்று நாம் தொடர்வதுபோல ஆங்கிலத்தில் 'திஸ்' தொடர முடியாது. 'ஹி' வர வேண்டும். அறிமுகம் செய்யும் வாக்கியத்திலும், 'ஹூ இஸ் திஸ்' போல யார் என்று கேட்கும் வாக்கியத்திலும் மட்டுமே தனித்து நிற்கும் 'திஸ்' மனிதரைக் குறிக்கும். பிற இடங்களில் அது மனிதரைப் பொருளாக்கிவிடும். 'அவர்', 'இவர்' என்ற வேறுபாட்டை ஆங்கிலத்தின் மூவிடப் பெயர்கள் காட்டுவதே இல்லை. தமிழாக்கும்போது அதை நாம்தான் சூழலறிந்து சேர்க்க வேண்டும்.

ஆறாம் படி: நினைவும் நெஞ்சும்

சில 'தட்' இடத்தையும் உரையையும் விட்டு, இருவருக்கும் பொதுவான நினைவைச் சுட்டும். முன்னே ஒரு சொல்லும் இல்லாமல் 'தட் டாக்' இரவு முழுவதும் தூங்கவிடவில்லை என்று ஒருவர் தொடங்கினால், கேட்பவருக்கு அந்த நாய் முன்பே தெரியும் என்று அவர் நம்புகிறார். மொழியியலாளர் ஜானெட் குண்டெலும் உடனாய்வாளர்களும் 1993-இல் முன்வைத்த படிநிலையில் இது இவ்வாறே இடம்பெறுகிறது: கவனத்தின் நடுவே உள்ளதற்கு 'இட்', மனத்தில் விழித்திருப்பதற்குத் 'திஸ்' அல்லது 'தட்', கேட்பவர் நினைவில் மட்டும் இருப்பதற்குப் பெயரோடு கூடிய 'தட்'.

இதற்கு நேர் எதிரானது பேச்சில் கதை சொல்லும்போது வரும் 'திஸ்'. நேற்று ரயிலில் 'திஸ் மேன்' வந்து உட்கார்ந்தார் என்றால், கேட்பவருக்கு முற்றிலும் தெரியாத 'ஒரு ஆள்' என்றே பொருள். அதை 'இந்த ஆள்' என்று தமிழாக்குவது, இல்லாத ஒருவரைக் கேட்பவர் முன்னே நிறுத்துவதாகும்.

மனநிலையையும் இவை காட்டும். மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1974-இல் இதைத் தனியாக எடுத்துப் பேசினார். பெயருக்கு முன் 'தட்' வைத்து ஒருவரை வெறுப்போடு தள்ளலாம். அதே 'தட்'டால் செவிலியர் ஒருவர் நோயாளியின் முழங்காலைப் பரிவோடு விசாரிக்கவும் முடியும். குரல் கேட்காத எழுத்தில் இவ்விரண்டையும் பிரிக்கச் சுற்றியுள்ள சொற்களே துணை.

ஒரு முழு எடுத்துக்காட்டு

1863 நவம்பர் 19 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில், மாண்டவர்களுக்கான கல்லறைத் திடலை அர்ப்பணிக்கும்போது ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய உரை இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்தது. கைப்படிகள் ஐந்துள், வழக்கமாகப் படிக்கப்படும் பிரதியில் 'ஹியர்' எட்டு முறை வருகிறது. அவை யாவும் லிங்கனும் கேட்போரும் நின்ற அந்த நிலத்தைச் சுட்டுகின்றன. இரண்டாம் படியோடு வேலை முடிந்தது.

அவரது 'தட்'கள்தான் நிறுத்தி வைத்துப் படிக்க வேண்டியவை. 'தட் தட் நேஷன்' என்று ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு வருகின்றன: முதலாவது 'பொருட்டு' என்ற பொருளுடைய இணைப்பு, முதல் படியிலேயே கழிந்துவிடும், இரண்டாவதே சுட்டு. 'தோஸ் ஹூ' என்பதில் வரும், 'தட்'டின் பன்மையான 'தோஸ்' தொலைவைக் காட்டவில்லை. 'உயிர் ஈந்தவர்கள்' என்று வினையாலணையும் பெயர் ஒன்றே போதும். அடுத்து, போர்க்களத்தின் மீதே நின்றுகொண்டு அவர் 'தட் ஃபீல்ட்' என்கிறார். கால் வைத்திருக்கும் மண் தொலைவில் இருக்க முடியாது. முந்தைய வாக்கியத்தில் 'ஒரு பெரும் போர்க்களம்' என்று பெயர் சொன்னார், அதை உரைக்குள் சுட்டுகிறார். இரண்டே வாக்கியம் தள்ளி, இந்த மண்ணைப் புனிதமாக்க நம்மால் இயலாது என்னும்போது அது 'திஸ் கிரவுண்ட்' ஆகிறது. உரையை விட்டு அவர் விரல் தரைக்கு இறங்கிவிட்டது.

நாட்டின் கதையும் அப்படியே. முன்னோர் எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கிய புதிய நாடு, போரின் சோதனையில் நிற்கும்போது இரண்டு முறை 'தட் நேஷன்'. இறுதி வாக்கியத்தில் இறந்தவர்கள் 'தீஸ் டெட்' ஆக அருகே வருகிறார்கள். உடனே நாடும் 'திஸ் நேஷன்' ஆகிறது, புதுப்பிறவி எடுக்கப்போவது இந்த நாடு. தொலைவில் வரலாறாகத் தொடங்கியதை அவர் கேட்போரின் கைக்குள் கொண்டுவந்து வைக்கிறார்.

தமிழாக்கும்போது 'அந்த நாடு', 'இந்த நாடு' என்ற மாற்றத்தை அப்படியே காக்கலாம், காக்கவும் வேண்டும். 'தட் ஃபீல்ட்' என்பதை மட்டும் 'அந்தக் களம்' என்று வைத்தால் தமிழ்க் காதுக்கு லிங்கன் வேறெங்கோ நின்று பேசுவது போல இருக்கும். என் வரைவுகளில் முதலில் 'அக்களத்தின்' என்றே எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டு, 'களத்தின் ஒரு பகுதியை' என்று சுட்டே இல்லாமல் விட்டேன்.